செவ்வாய்க்கிழமையில் மாட்டிக்கொண்டேன்

போன வாரம் இந்தப் பத்தியில் கொஞ்சம் பெருமை அடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் நான் தனியாகப் பாடப்போகிறேன், முடிந்தால் வாருங்கள் என்று.

வந்தீர்கள்.

அதுதான் இப்போது பிரச்சினை.

யாரும் வராமல் இருந்திருந்தால் இந்த வாரம் வெயிலைப் பற்றியோ, எங்கள் தெருக் குழாயைப் பற்றியோ எழுதிவிட்டுத் தப்பித்திருப்பேன். நீங்கள் வந்தீர்கள். கணியூரிலிருந்து ஒரு வாசகர் மனைவியோடு பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே கை தட்டினார். பிறகு தட்டினாரா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு அப்புறம் வரவே இல்லை.

நடந்ததை மறைக்க வழியில்லை. பார்த்தவர்களே படிக்கிறவர்களாகவும் இருக்கிறீர்களே... சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஓவர்லாக் டைலர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டே ஒரு ராக் பேண்டுக்குப் பாட்டு எழுதியவன். பேண்டின் பெயர் 'ஒன்றரை ஷிப்ட்'. காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வருகிற வேலைநேரத்துக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். பாடியது கௌதம். டிரம்ஸ் அடித்தது சலீம் பாய். எழுதியது நான்.

பேண்ட் இருந்தவரை மேடையில் நான் ஏறியதே இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்பேன். எனக்கு வசதியான இடம் அது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட வராது.

கௌதம் இப்போது சென்னையில் இருக்கிறார். சினிமாவில் கோரஸ் பாடுகிறார். அவர் போனதோடு பேண்டும் நின்றுவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் மெஷின் மெதுவாக நிற்குமே... அப்படி.

நின்ற பிறகுதான் எனக்கு அந்த வியாதி வந்தது.

குன்னத்தூரில் ஒரு விழா. அங்கே ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "சத்தத்தை உடுங்க... டம்மு டம்முன்னு யாரு வேண்ணாலும் அடிப்பாங்க. எங்களை இழுத்தது உங்க வார்த்தைதானுங்க. நீங்க எதுக்கு அவங்களுக்குப் பின்னால நின்னீங்க? தனியாவே பண்ணலாமுங்களே!" என்றார்.

நம்மை ஒருவர் திட்டினால் என்ன செய்கிறோம்? அவன் யார், எந்த ஊர், எதற்காகச் சொன்னான் என்று நாள் முழுக்க விசாரிக்கிறோம். புகழ்ந்தால்? ஒரு கேள்வி கிடையாது. அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

நானும் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன் — நான் இனி தனி ஆள். சோலோ!

எங்கள் பேண்டில் பாட்டு உண்டான விதத்தை இங்கே சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் என் அசிங்கம் முழுசாகப் புரியும்.

மெஷினில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் எழுதுவேன். பீஸ் ஓடிக்கொண்டே இருக்கும், வரியும் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை நீளம். அதனால் பாட்டும் நீளம். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் சேரும் முன்பே சலீம் பாயின் கடைக்குப் போய் முழுவதையும் சொல்லிக் காட்டுவேன். பாய்க்கு எலாஸ்டிக், நூல், பட்டன் விற்கிற கடை. கண்ணை மூடிக்கொண்டு, நூல் பெட்டி மேல் விரலால் தட்டியபடியே கேட்பார். எந்த வரியில் விரல் நிற்கிறதோ, அந்த வரி போச்சு.

"ஏன் பாய், நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் மாப்ள இருக்குது. வேண்டாம்."

அவ்வளவுதான் விளக்கம். சாம்பிள் அப்ரூவல் ஆகாமல் எங்கள் ஊரில் எந்தச் சரக்கும் கட்டிங் டேபிளுக்கே போகாது. எங்கள் பேண்டில் அப்ரூவல் என்றால் பாயின் விரல்.

'ஞாயித்துக்கெழமை' என்ற எங்கள் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆட்டோவில், டீக்கடையில், பக்கத்துச் சீட்டுக்காரரின் போனில்... எங்காவது.

*சனிக்கெழமை சாயங்காலம் சங்கூதி நின்னுபோச்சு*
*காதுக்குள்ள மெஷினு மட்டும் நிக்காம ஓடுது*

*ஞாயித்துக்கெழமையே, மெல்லப் போவியா?*
*நாங்க இன்னும் எந்திரிக்கலை, மெல்லப் போவியா?*

இதுதான் எங்கள் பேண்டை ஊருக்குத் தெரிய வைத்த பாட்டு. ஆனால் நான் எழுதியபோது அது இப்படி இல்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சரணம் எழுதியிருந்தேன். எல்லா நாளும் முடிந்து, சனியும் முடிந்து, பிறகுதான் ஞாயிறு வரும்.

திங்கட்கிழமையிலேயே பாயின் விரல் நின்றுவிட்டது.

"மாப்ள, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நம்மூருல யாருக்குத் தெரியாது? சனிக்கெழமை சாயங்காலத்துல ஆரம்பிங்க. அங்கிருந்து நேரா ஞாயித்துக்கெழமைக்குப் போயிருவோம்."

போய்விட்டோம். ஊரே கூட வந்தது. எனக்கு மட்டும் அந்த ஐந்து நாளும் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தன. யாராவது அந்தப் பாட்டைப் புகழ்ந்தால், 'ஐயோ, நீங்கள் முழுப் பாட்டைக் கேட்டதில்லையே' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

சரி. சோலோவுக்கு வருவோம்.

புதுப் பாட்டுகள் எழுதினேன். எல்லாம் நீளம். இந்த முறை பாய் கடைக்குப் போகவில்லை. ஏன்? விரல் நின்றுவிட்டால்? அந்தப் பயம்தான். வெளியே சொல்லிக்கொண்டது வேறு. 'இது என் சொந்த முயற்சி, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷோவுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை.

பிறகு யாரிடம் பாடிக் காட்டினேன் என்கிறீர்களா? கம்பெனியில், எங்கள் மெஷின் வரிசையில். லைன் என்போம். மெஷின் ஓடும்போதே பக்கத்து மெஷின்காரர்களைப் பார்த்துப் பாடுவேன். எதிரே செக்கிங் டேபிளில் செல்வி அக்கா. இடப்பக்கம் பீகார்க்காரர் சந்தன். நான் பாடப் பாட இருவரும் தலையை ஆட்டுவார்கள். சந்தன் கண்ணை மூடிக்கொண்டே ஆட்டுவார். நல்ல வரி வந்தால் கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுவார். அவருக்குத் தமிழ் தெரியாதே என்று எனக்குத் தோன்றவில்லை. கலைக்கு மொழி ஏது என்று தோன்றியது!

இப்படியாக முழு லைனும் தலையாட்டி அப்ரூவல் செய்த பாட்டுகளோடு அந்த மாடி ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கூட கிட்டார் வாசிக்க ஒருவர். வேறு யாரும் இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் மரியாதையாகக் கை தட்டினீர்கள். இரண்டாவது பாட்டுக்கும் மரியாதைதான். அதற்கு அடுத்த பாட்டின் நடுவில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு பகுதி கை தட்டியது. நான் தொடர்ந்தேன். தட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். சில முகங்களில் போன் வெளிச்சம் தெரிந்தது.

கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே, அது பெரிய ஆபத்து. பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு டைம் பார்ப்பார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணா, 'ஞாயித்துக்கெழமை' பாடுங்ணா!"

ஹால் முழுக்க உயிர் வந்தது. "ஆமாங்ணா, அதைப் பாடுங்க!"

நான் அதைப் பாடிவிட்டு இறங்கியிருக்கலாம். எத்தனை சுலபம்! ஆனால் அந்த உற்சாகத்தைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ புகுந்துகொண்டது. முந்தைய பாட்டுகளுக்கு வராத சத்தம் இதற்கு மட்டும் ஏன் வருகிறது என்ற பொறாமை... என் பாட்டின் மேல் எனக்கே பொறாமை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். வாழ்க்கையில் நான் மைக்கில் பேசியது அதுதான் முதல் தடவை. ஊமையாகவே இருந்திருக்கலாம்.

"நீங்க கேட்டிருக்கறது பாதிப் பாட்டுத்தானுங்க. எங்க டிரம்மர் வெட்டி வெட்டிக் கெடுத்ததுதான் உங்களுக்குக் கெடச்சுது. இன்னைக்கு வெட்டாத முழுப் பாட்டு கேப்பீங்க."

சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. அதையும் மறைக்கவில்லை.

திங்கட்கிழமையில் தொடங்கினேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு சரணம் முடிந்தது. சரணம் முடிந்தால் என்ன வரும்? ஊருக்கே பழக்கம். ஹால் மொத்தமும் ஒரே குரலில் எடுத்தது — "ஞாயித்துக்கெழமையே, மெல்லப் போவியா?"

நானோ செவ்வாய்க்கிழமையில் இருந்தேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. நான் மட்டும் செவ்வாய்க்கிழமையில் மாட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காத வரிகளைப் பாடிக்கொண்டிருந்தேன். கிட்டார்காரர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அப்புறம் வாசிப்பதையே விட்டுவிட்டார்.

சரி, நானும் கூட்டத்தோடு சேர்ந்து பாடியிருக்க வேண்டாமா? நான் செய்தது என்ன தெரியுமா? கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினேன்!

"இருங்க, இருங்க... இன்னும் புதன், வியாழன் எல்லாம் இருக்குது."

ஆசையாகப் பாடிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பாட்டு எழுதினவனே வாயை மூடச் சொல்கிற காட்சியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? அன்று பார்த்தீர்கள்.

ஹால் அமைதியானது. அந்த அமைதியில் ஒருவர் நிதானமாக, மரியாதை குறையாமல் கேட்டார். "ஏனுங்ணா... திங்கள்ல இருந்து சனி வரைக்கும் வேலை செஞ்சுபோட்டுத்தானுங்க இங்க வந்து உக்காந்திருக்கறோம். மறுக்காவும் மொதல்ல இருந்து செய்யச் சொன்னா எப்படீங்க?"

அதற்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்லை. கணியூர்க்காரரின் மனைவிகூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த வரியும் அவ்வளவு கச்சிதமாக வந்ததில்லை.

எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. கீழே இறங்கவும் தோன்றவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் யாரோ தட்டுகிறார்கள். தட... தட... தடதட... பாட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழைகிற இடத்தில் வருகிற அதே தாளம். எனக்குத் தெரியாதா அந்தக் கையை?

சலீம் பாய்!

கூப்பிடாமலே வந்திருக்கிறார். கடைசி வரிசையில் நின்றுகொண்டு தட்டுகிறார். பக்கத்தில் அவர் மகள் ரிஸ்வானா, அவளோடு காலேஜ் தோழிகள். ஞாயிற்றுக்கிழமை மாலைதான் அவர் கடையில் கூட்டம் நெரியும் நேரம். மூடிவிட்டு வந்திருக்கிறார். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களில் அவரும் ஒருவர். இதில்தானே நான் ஊரையே கூப்பிட்டேன்!

அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டம் மறுபடி பாடியது. நானும் வாயை அசைத்தேன். பாட்டு முடிந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. எதற்கு விழுந்த கைதட்டல், யாருக்கு விழுந்த கைதட்டல் என்று எனக்குத் தெரியும்.

இது வரைக்கும் நடந்தது அவமானம். வெட்கம் வேறு. அது இனிமேல்தான்.

கூட்டம் கலைகிற நேரம் பார்த்து, பாயின் முகத்தில் விழிக்காமல், சமையல்கட்டுப் பக்கப் படிக்கட்டு வழியாக நழுவினேன். கீழே டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கிறேன். எதிரே ரிஸ்வானா! தோழிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையிலிருந்து பார்க்கிற பெண். பேண்ட் ஒத்திகை நடக்கும்போது டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். 'எங்க அத்தா டிரம்மர்' என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள்.

அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அத்தா வெட்டுனதுனால உங்க பாட்டு கெட்டுப்போச்சா?"

தோழிகள் என் முகத்தையே பார்க்கிறார்கள். 'இல்லை' — ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

நான் என்ன செய்தேன்? பல்லைக் காட்டினேன். "டீ குடி கண்ணு, ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன் என்று இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நீங்களும் ரசித்திருக்கிறீர்கள். ஆனால் ஒருவரைப் பற்றி மைக்கில் கேவலமாகப் பேசும்போது வராத கூச்சம், அவர் மகளிடம் உண்மையைச் சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? அதற்குப் பெயர் கூச்சமா? வேறு பெயர் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்தேன். ஹாலில் என் மனைவியும் இருந்தாள். சோறு போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பாட்டு போனாப் போவுதுங்க. பாயைச் சொன்னீங்க பாருங்க... நானு தலையைக் குனிஞ்சுக்கிட்டனுங்க."

திங்கட்கிழமை கம்பெனியில் மெஷின் போடும் முன்பே செல்வி அக்காவிடம் போனேன். அவரும் ஷோவுக்கு வந்திருந்தார். "ஏனுங்க அக்கா, நான் பாடிக் காட்டுனப்ப எல்லாம் அப்படித் தலையாட்டுனீங்களே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "பாடுனீங்களா? எப்பங்க?"

"மெஷின்ல உக்காந்து பாடுனனே அக்கா!"

"அடக் கடவுளே! அத்தனை மெஷின் சத்தத்துல யாருக்குங்க கேக்குது? நீங்க வாயை வாயை அசைச்சீங்க. ஏதோ நூலு அறுந்துபோச்சுன்னு சொல்றீங்களாட்ட இருக்குதுன்னு தலையாட்டுனனுங்க. லைன்ல யாரு வாயைத் தொறந்தாலும் தலையாட்டுறதுதானுங்களே?"

உண்மைதான். பல வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன். மெஷின் சத்தத்தில் எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவது எங்கள் லைன் மரியாதை. கேட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, உங்களைப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் என் பாட்டு என்றதும் எனக்கு மறந்துவிட்டது.

சந்தனிடமும் கேட்டேன். அவர் காதிலிருந்து ஒரு சின்ன ஹெட்போனை எடுத்துக் காட்டினார். போஜ்புரிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி ரசித்தது அதைத்தான்.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பாய் கடைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்ற இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். வழக்கமாக என்னைப் பார்த்ததும் "வாங்க மாப்ள" என்பார். அன்று நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க கவிஞரே. உக்காருங்க."

கவிஞரே! அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

உட்கார்ந்தேன். பொங்கலூரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது போவார் என்று காத்திருந்தேன். போனதும், இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

"பாய்... நான் அன்னைக்கு மைக்குல..."

"அதை உடுங்க. எனக்கு அது ஒண்ணுமில்ல. நான் வெட்டுனது வெட்டுனதுதான். நாளைக்குக் கேட்டாலும் அந்த அஞ்சு நாளையும் வெட்டுவேன்." நூல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினார். "ஆனா, பாப்பா ஒரு கேள்வி கேட்டா பாருங்க. அதுக்கு நீங்க டீ ஆறுதுன்னு சொல்லிட்டுப் போனீங்க பாருங்க... அதுதான் மாப்ள ஆறல."

மாப்ள என்று வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு நாளா எங்கிட்டச் சரியாப் பேசுறதில்ல. 'நீங்க அவரு பாட்டைக் கெடுத்தீங்களா அத்தா'ன்னு ஒரு தடவை கேட்டா. நானே எப்படி இல்லைன்னு சொல்லுவேன்? எழுதுன ஆளு சொல்லணுமில்ல?"

"எழுதிடறேன் பாய். இந்த வாரப் பத்தியிலயே..."

"எழுதுங்க. எழுதிட்டு ஒளிஞ்சுக்காதீங்க. ஊட்டுக்கு வந்து சொல்லுங்க."

போனேன். பாயும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். ரிஸ்வானா கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் நாற்காலியைப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தரையைப் பார்த்தே பேசிவிடுவேன் என்று பயம்.

"கண்ணு, அன்னைக்கு நீ கேட்டதுக்கு... இல்லை. கெட்டுப்போகலை. அத்தா வெட்டுனதுனாலதான் அது பாட்டாச்சு. நான் மைக்குல சொன்னது பொய்யி. ஊரு கை தட்டுச்சுன்னா அந்தக் கையில பாதி உங்கத்தாவுக்கு."

சுவரைப் பார்த்துச் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "இது எனக்குத் தெரியும் மாமா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தவதானே? நீங்க சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்."

இப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என் ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியாது. அந்த ஹால்ல இருந்தவங்களுக்கும் தெரியாது."

"எல்லாருக்கும் எழுதிடறேன் கண்ணு. இனிமே மேடையே ஏற மாட்டேன். சோலோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதோட முடிஞ்சுது."

அதைச் சொன்னதும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பழைய இடம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்... அப்பாடா!

ரிஸ்வானா என்னை நேராகப் பார்த்தாள். "அது எப்படி மாமா? நீங்க இப்ப நிறுத்துனா, டிரம்மரு கூட்டத்துக்கு முன்னால தட்டி அவமானப்படுத்திட்டாரு, அதனாலதான் மனுஷன் பாட்டையே உட்டுட்டாருன்னு பேசுவாங்க. அதுவும் எங்கத்தா தலையிலதான் வந்து விழும். நீங்க பாடணும். அதே ஹால்ல. பாடறதுக்கு மொதல்ல மைக்குல சொல்லணும்."

நான் பாயைப் பார்த்தேன். காப்பாற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"என்ன கண்ணு சொல்லணும்?" என்று கேட்டேன்.

அவளே யோசித்து அவளே சொன்னாள். "'இந்தப் பாட்டுல எது வேண்டாம்னு சொன்னவரு எங்க சலீம் பாய். எந்திரிச்சு நில்லுங்க பாய்.' இவ்வளவு போதும் மாமா. வேற எதுவும் சேக்காதீங்க."

ஆகவே, வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். வராதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மைக்கில் நான் சொன்னது பொய். மறுபடியும் அந்த மேடையில் ஏறப்போகிறேன் — இந்தத் தடவை ஆசைப்பட்டு இல்லை. கணியூர்க்காரரே, நீங்கள் மறுபடி பஸ் மாறி வர வேண்டும் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. வந்தால் சந்தோஷம்.

இத்தனை வருடம் மற்றவர்கள் பாட வரி எழுதிக் கொடுத்தவன், இப்போது முதல் முறையாக வேறொருவர் எழுதிக் கொடுத்த வரியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். சின்ன வரிதான்... சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் கூட ஒரு வார்த்தை சேர்க்க வருகிறது, வெட்டிவிடுகிறேன்.